பக்கத்தில் இல்லாத வரிகள்

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகிற சாலையில், ஒரு செல்போன் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது கலையரசனின் அலுவலகம். வெளிநாட்டுக்காரர்கள் பழைய கையெழுத்துத் தாள்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். இங்கே பதினோரு பேர் உட்கார்ந்து அதைப் படித்துக் கணினியில் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். கப்பலில் போனவர்களின் பட்டியல், சர்ச்சில் நடந்த கல்யாணங்களின் பதிவு, எப்போதோ மூடிப்போன சிறைச்சாலையின் குறிப்பு என்று எது வேண்டுமானாலும் வரும். எழுத்து நன்றாக இருந்தால் யார் மேசைக்கும் போகும். கிறுக்கலாக இருந்தால் தனப்பிரியாவின் மேசைக்குத்தான்.

தனப்பிரியா கல்யாணத்துக்கு முன்னால் ராசிபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் ஒன்பது வருஷம் நின்றவள். கோழி கிளறினது போல் டாக்டர்கள் எழுதித் தருவதைப் படித்துப் படித்துப் பழகிய கண் அவளுக்கு. நூறு வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்காரர்களின் எழுத்தும் இங்கே வந்த ஆறு வருஷத்தில் அவளுக்கு மருந்துச்சீட்டு மாதிரிதான் ஆகியிருந்தது. வேலையில் ஒரே ஒரு சட்டம். தாளில் இருப்பதை அடிக்க வேண்டும்; இல்லாததை அடிக்கக் கூடாது. புரியாத சொல்லுக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அவள் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

மாசி மாதம் பிறந்தபோது விமானக் கம்பெனிக் காகிதங்கள் வந்தன.

இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே விண்டில் அண்ட் ஆர்ச்சர் என்று ஒரு கம்பெனி, முதலில் குதிரை வண்டிக்குக் கூண்டு கட்டிக்கொண்டிருந்தது. விமானம் என்ற ஒன்று பறக்கத் தொடங்கிய புதிதில், மரமும் துணியும் எங்களுக்குத் தெரிந்த வேலைதானே என்று விமானம் கட்ட இறங்கிவிட்டார்கள். முதல் உலகப்போர் வந்ததும் அறுநூறு பேர் வேலை பார்த்தார்கள், பாதிப்பேர் பெண்கள். போர் முடிந்து சில வருஷத்தில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். இப்போது மிச்சமிருப்பது செங்கல் கொட்டகை ஒன்றுதான். அதைக் காட்சிக்கூடமாக்க ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் பொறுப்பாளர் ஹெலன் என்ற அம்மாள் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

தனப்பிரியா அன்று சாயங்காலம் கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டுக்குப் போய் இதையெல்லாம் தன் கணவன் தமிழரசுவிடம் சொன்னாள். அவன் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர். நாமக்கல்லில் பதினாறு வயதில் சேர்ந்தவன். முதலாளி அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் இன்னொரு பட்டறை போட்டபோது அவனையும் இங்கே கூட்டி வந்துவிட்டார். விமானத்தின் இறக்கை என்பது மரச்சட்டத்தில் இழுத்துத் தைத்த துணிதான் என்றதும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. துணிமேல் ஒரு பூச்சுப் பூசுவார்களாம், காய்ந்ததும் அது பறைத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளுமாம் என்று அவள் சொன்னாள். என்ன பூச்சு, எதில் கரைப்பார்கள் என்று அவன் தொழில்காரனுக்கே உரிய ஆசையோடு கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே தலையை வலிக்கிறதென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டான். மூன்று மாதமாகவே அப்படித்தான். வெயிலில் வேலை பார்த்த தலைவலி என்று அவளே மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் கொடுத்தாள்.

மறுநாள் அவளுக்கு வந்தது கம்பெனியின் சிகிச்சை அறைக் குறிப்பேடு. கம்பெனிக்குள் ஒரு நர்ஸ் இருந்திருக்கிறாள். யார் எப்போது வந்தார்கள், என்ன கோளாறு, என்ன கொடுத்தாள் என்று நாள்தோறும் கறுப்பு மையில் நிமிர்ந்த எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். விரலில் உளி பட்டது, கண்ணில் தூசி, மயக்கம். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு. தையும் மாசியும் சேருகிற அந்த நாட்களில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஐவி ஹார்ட்ரி, வயது பத்தொன்பது, பூச்சு அறை.

ஐவி ஹார்ட்ரி, தலைவலி, ஓய்வு கால் மணி, வேலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். இரண்டு நாள் கழித்து, வாந்தி, பால் கொடுக்கப்பட்டது, வேலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அடுத்த வாரம், வயிற்று வலி, பசியில்லை, வேலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள்.

தனப்பிரியா அதை அடித்தாள். மருந்துக்கடையில் நின்றவள் என்பதால் ஒரு நிமிஷம் கை நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போனாள்.

மறுநாள் காலை சிவபிரகாஷ் அவள் மேசைக்கு வந்தான். அடித்ததை மூலத்தோடு வைத்துச் சரிபார்ப்பது அவன் வேலை. நாற்பத்தி மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி அதிகமாக இருக்கிறது என்றான். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. திரையில் அவள் அடித்தது இருந்தது: வாந்தி, பால் கொடுக்கப்பட்டது என்ற வரிக்குக் கீழே, ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டோம். பக்கத்திலேயே மூலத்தின் படம். அங்கே அந்த வரி இல்லை. இரண்டு கறுப்பு வரிகளுக்கு நடுவே பழுப்புக் காகிதம்தான் இருந்தது.

"நான் பாத்துத்தான் அடிச்சேன் சிவா. பென்சில்ல இருந்துது. சின்ன எழுத்து, வலப்பக்கம் சாஞ்சு."

"பென்சிலே இந்தப் புஸ்தகத்துல இல்லீங்க்கா."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காகிதத்தின் நார்கூடத் தெரிந்தது, எழுத்து இல்லை. வேறு ஏதோ வேலையில் பார்த்த வரி மனதில் ஒட்டியிருக்கும் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். ஆனால் அந்த வரியின் கடைசிச் சொல்லில் பென்சில் முனை ஒடிந்து, மறுபடி கூராக்கி எழுதியிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இல்லாத ஒன்றில் முனை ஒடிந்தது எப்படித் தெரியும்?

அன்று முழுக்க ஒவ்வொரு வரியின் கீழும் திரையில் விரலை வைத்துப் படித்தாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, பதினோரு பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தி ஒன்றாம் பக்கத்தின் ஓரத்தில் அந்தச் சாய்ந்த எழுத்து வந்தது. ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார்கள். இடது கை விரல் அந்த வரியின் கீழேயே இருக்க, வலது கையால் அதை அடித்தாள். கண்ணை எடுக்காமல் சிவபிரகாஷைக் கூப்பிட்டாள். அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தத்துக்கு ஒரே ஒரு முறை இமைத்தாள். விரலுக்கு மேலே வெறும் ஓரம் இருந்தது.

சிவபிரகாஷ் வந்து குனிந்து அந்த வெறும் ஓரத்தைப் பார்த்தான். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம்தான் வாசனை. கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் வாசனை, அதன் அடியில் ஏதோ தொண்டையைப் பிடிக்கிற காரம். மேசை டிராயரைத் திறந்து பார்த்தாள், குப்பைக்கூடையைப் பார்த்தாள். யார் பழம் கொண்டுவந்தது என்று கலையரசனும் கேட்டதால், தனக்கு மட்டும் வருகிற வாசனை இல்லை என்று ஒரு ஆறுதல். ஆனால் அவள் எழுந்து கழிவறைப் பக்கம் போனால் வாசனையும் கூடவே வந்தது, உட்கார்ந்தால் கூடவே உட்கார்ந்தது. யாரோ பின்னால் நின்று தோளுக்கு மேலாகத் திரையைப் பார்ப்பது போல் கழுத்து குளிர்ந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதைவிட, திரும்பிப் பார்த்து யாரும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருந்தது.

இரண்டு நாள் லீவு போடச் சொன்னார் கலையரசன். அவள் போடவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐம்பத்தி எட்டாம் பக்கம். நர்ஸின் கறுப்பு மை: ஐவி ஹார்ட்ரி, மஞ்சள் நிறம், வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அதோடு அந்தப் பெயர் முடிந்தது. அதன் கீழே யாரோ ஒரு வரியை எழுதி, எழுத்தே தெரியாதபடி குறுக்கும் நெடுக்குமாக அடித்திருந்தார்கள். அடித்த வரியைத் தட்டச்சு செய்ய வேண்டாம் என்பது ஹெலன் அம்மாளின் குறிப்பு. அவள் விசைகளிலிருந்து கையை எடுத்தாள். அடித்த கோடுகளுக்குக் கீழே சாய்ந்த பென்சில் எழுத்து மெதுவாக, அவள் பார்க்கப் பார்க்க எழுதுவது போல வந்தது.

என் கண்ணைப் பார்.

இந்த முறை அவள் அதை அடிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கலையரசனிடம்கூடச் சொல்லாமல் படியிறங்கி வண்டியை எடுத்தாள்.

தமிழரசு வேலை முடிந்து வரும்வரை வீட்டில் காத்திருக்கலாம் என்றுதான் கிளம்பினாள்; அந்நேரத்துக்கே இருப்பான் என்று நினைக்கவே இல்லை. ஆனால் இருந்தான். வாந்தி எடுத்ததால் பட்டறையிலிருந்து மத்தியானமே வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கையைப் பிடித்து எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்தாள். நாலு மணி வெயில் மலைப்பக்கத்திலிருந்து நேராக அவன் முகத்தில் விழுந்தது.

"ஏனுங்க, என்னையப் பாருங்க. கண்ணை நல்லாத் தொறங்க."

கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். வெள்ளை விழி மஞ்சள் கிழங்கைத் தேய்த்த மாதிரி இருந்தது. தினமும் பார்க்கிற முகம். எத்தனை நாளாக இப்படி இருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் வெகுவாகக் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். குடிப்பானா என்று இரண்டு முறை கேட்டார். குடிக்காதவன் என்றதும் என்ன வேலை என்று கேட்டார். ஸ்ப்ரே கன்னில் பெயிண்ட் அடிப்பதையும், நாலைந்து மாதமாகப் பட்டறைக்குப் பெயர் ஒட்டாத கேனில், பெயிண்டைக் கரைக்க ஒரு புதுத் தின்னர் வருவதையும் தமிழரசு திணறித் திணறிச் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டே, தலைவலிக்கு ஏதாவது மாத்திரை போட்டானா என்று கேட்டார். தனப்பிரியா பெயரைச் சொன்னாள், நாளைக்கு எத்தனை என்றும் சொன்னாள். அதுவும் நல்லதுக்கில்லை, இன்னும் பத்து நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் அவர். அந்த மாத்திரை ஈரலை என்ன செய்யும் என்று ஒன்பது வருஷம் அட்டையில் படித்தவள் அவள். நடைபாதையில் போய் நின்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அவன் கொஞ்சம் தெளிந்ததும் பென்சில் வரிகளைப் பற்றிச் சொன்னாள். அவன் முழுதும் கேட்டான்.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?"

"பத்தொம்பதுங்க."

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "சின்னண்ணன் இன்னும் அதுக்குள்ளதான் நிக்கறாரு, பிரியா" என்றான்.

சின்னண்ணன் அந்தப் பட்டறையின் மூத்த பெயிண்டர், ஐம்பத்து நாலு வயது. தனப்பிரியா அன்று மத்தியானமே அயோத்தியாப்பட்டணம் போனாள். பட்டறைக்கு உள்ளே அவள் வந்ததில்லை. முன்பக்கம் வெல்டிங் பொறி, சுத்தியல் சத்தம், நாலு லாரிகளின் எலும்புக்கூடு. பின்கோடியில் பெயிண்ட் அடிக்கிற இடம். ரோட்டுப் புழுதி ஈரப் பெயிண்டில் ஒட்டாமலிருக்க மூன்று பக்கமும் தரைவரை தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நாலாவது பக்கம் சுவர். சுவரில் இரண்டு ஜன்னல். இரண்டின் மேலும் பலகையை வைத்து ஆணி அடித்திருந்தது. ஆணிகளை எண்ணவேண்டும் போல் ஒரு வெறி வந்தது அவளுக்கு. எண்ணாமல் கண்ணை எடுத்துக்கொண்டாள். தார்ப்பாயை விலக்கியதும் கறுத்த வாழைப்பழ வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே மஞ்சள் புகைமூட்டத்தில் ஒரு உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அது திரும்புகிற அந்த ஒரு நொடி, பாவாடை கட்டிய ஒரு பெண்தான் திரும்புகிறாள் என்றே அவள் நினைத்தாள். திரும்பியது சின்னண்ணன். வாயில் கட்டிய கைக்குட்டையைக் கீழே இழுத்துவிட்டுச் சிரித்தார்.

தமிழரசு எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். அவள் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது தமிழரசின் கண்ணைவிட மோசமாக இருந்தது. இப்போதே கிளம்புங்கள், வண்டி வாசலில் நிற்கிறது என்றாள்.

"பெயிண்டுக்காரன் கண்ணு பின்ன எப்படி சாமி இருக்கும்?" என்றார் அவர். "பங்குனி நோம்பிக்கு முன்னால மூணு வண்டி வெளிய போகோணும். உட்டுட்டு எங்க வாரது? முடிச்சுட்டு நானே வாரேன்."

அவள் கெஞ்சினாள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவர் அவள் கையை மெதுவாக விலக்கி, தார்ப்பாயை இறக்கிவிட்டார்.

பதினோராம் நாள் சின்னண்ணன் இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே நினைவு இல்லை. மூன்று வண்டியும் அதற்கு முந்தின நாள் வெளியே போயிருந்தன.

இழவு வீட்டுக்கு முதலாளி மாலையோடு வந்தார். வந்தவர்களிடம், சின்னண்ணன் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே தானாக வேலையை விட்டு நின்றுவிட்டார், உடம்புக்கு என்னவோ நமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னண்ணனின் மனைவி குஞ்சம்மாள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த திங்கள்கிழமை தனப்பிரியா வேலைக்குத் திரும்பியபோது கலையரசன் கடுங்கோபத்தில் இருந்தார். அவள் இல்லாத நாட்களில் சிவபிரகாஷ் முதல் பகுதியை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தான். ஜன்னலைத் திறக்கச் சொன்ன வரியை அழித்தவன், ஆணி அடித்த வரியை அழிக்க மறந்துவிட்டான். ஹெலன் அம்மாளிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஆனால் அது குறை சொல்லும் கடிதம் இல்லை. ஜில்லா ஆவணக் காப்பகத்தில், நூறு வருஷமாக யாரும் பிரிக்காத ஒரு காகிதக் கட்டை அவர் போன வாரம்தான் பிரித்துப் படித்தாராம். அதில் ஐவி ஹார்ட்ரியின் மரண விசாரணை இருந்ததாம். கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி, காற்றுப் பட்டால் பூச்சு வெளுத்துப்போகும் என்று பூச்சு அறை ஜன்னல்களுக்கு ஆணி அடித்துவிட்டார்கள் என்று சாட்சி சொல்லியிருக்கிறாள். அது இன்னும் யாருக்கும் காட்டாத காகிதம். உங்கள் வரி குறிப்பேட்டின் எந்த இடத்தில் இருக்கிறது, எங்கள் பிரதியில் எனக்குக் கண்ணில் படவில்லையே என்று கேட்டிருந்தார்.

எழுத்துப் பிழை என்று எழுதிவிடலாம் என்றார் கலையரசன். தனப்பிரியா தானே பதில் எழுதுவதாகச் சொன்னாள். அந்த வரி பக்கத்தில் இல்லை, ஆனால் நான் அதைப் படித்தேன், படித்ததைத்தான் அடித்தேன், வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினாள். கூடவே ஒன்று கேட்டாள்: வேலையாட்கள் பதிவேட்டில் ஐவியைப் பற்றி என்ன இருக்கிறது?

மூன்று நாள் பதில் இல்லை. வேலை போய்விட்டது என்றே அவள் நினைத்தாள். நாலாம் நாள் வந்தது. பதிவேட்டில் ஐவி ஹார்ட்ரி பெயருக்கு நேராக, மார்ச் பதினாலு, தானாக விலகினாள் என்று இருக்கிறது. அவள் செத்தது மார்ச் ஒன்பது. இத்தனை வருஷமாக அந்தப் பதிவேட்டை நம்பித்தான் வேலையில் இருக்கும்போதே செத்தவர்களின் பட்டியலைத் தயாரித்திருக்கிறோம், அதனால் அவள் பெயர் அதில் இல்லை. இனி சேர்ப்போம். உங்கள் வரியை நான் எதிலும் சேர்க்க முடியாது. ஆனால் என் பிரதியிலிருந்து அதை அழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

செத்து ஐந்து நாள் கழித்துத் தானாக விலகினாள். தனப்பிரியா அதை இரண்டாவது முறை படித்தபோது அவளுக்குப் பயம் போய்க் கோபம் ஏறிற்று.

அன்று சாயங்காலம் குஞ்சம்மாள் வீட்டுக்குப் போனாள். என்றைக்கு அவருக்கு முதலில் தலை வலித்தது, என்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, எந்த நாளில் எந்த வண்டிக்கு பெயிண்ட் அடித்தார் என்று நாள் நாளாகக் கேட்டு எழுதினாள். குஞ்சம்மாளுக்குத் தேதி தெரியாது. அமாவாசைக்கு முதல் நாள், ரேஷன் போட்ட அன்றைக்கு, எங்க அண்ணன் மகளுக்குச் சீர் வைத்த வெள்ளிக்கிழமை என்று சொன்னாள். தனப்பிரியா காலண்டரைப் பார்த்துத் தேதியாக மாற்றினாள். எழுதிய ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்துக் காட்டினாள். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு மனு தயாரானது. ஆனால் கூட வேலை பார்த்தவர் ஒருவராவது கையெழுத்துப் போட வேண்டும்.

பட்டறையில் யாரும் போடவில்லை. தமிழரசு அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான். எழுந்து நடந்தால் கால் நடுங்கியது. முதலாளி போனில் கூப்பிட்டு, உடம்பு தேறியதும் வா, இனி உனக்கு பெயிண்ட் வேலை வேண்டாம், மேற்பார்வை பார்த்தால் போதும் என்று தன்மையாகப் பேசியிருந்தார். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறு வயதிலிருந்து சோறு போட்டவர். தமிழரசு அன்று முழுக்க மனுவைத் தொடவில்லை. தனப்பிரியாவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவனே மனுவை எடுத்துவரச் சொன்னான்.

"ஒரே தார்ப்பாய்க்குள்ளதான் ரெண்டு பேரும் நின்னோம். எனக்கு ஊட்டுல பாக்க ஒரு கண்ணு இருந்துது, தப்பிச்சேன். அவரு தானா நின்னுட்டாருன்னு எழுதுனா, நாளைக்கு என்னையும் அப்படித்தான எழுதுவாங்க?" என்றான். கை நடுங்கியதால் கையெழுத்து அவன் கையெழுத்து மாதிரியே இல்லை. பக்கத்தில் கைநாட்டும் வைத்தான்.

குறிப்பேட்டின் மிச்சத்தை தனப்பிரியா சித்திரையில் முடித்தாள். ஐம்பத்தி எட்டாம் பக்கத்துக்குப் பிறகு பென்சில் எழுத்து வரவே இல்லை. கடைசியில் இருபது பக்கம் வெறுமையாக இருந்தன. வெற்றுப் பக்கம் என்று மட்டும் குறித்தால் போதும். அவள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் குறித்தாள். எழுத்து வந்துவிடுமோ என்ற பயத்தில் தொடங்கியவள், கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தின் நார் தெரிந்தது, மூலையில் ஒரு பூச்சி அரித்த ஓட்டை தெரிந்தது. சிவபிரகாஷ் தன் மேசையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாசனை போய்விட்டது. கழுத்தின் குளிர் மட்டும் முழுசாகப் போகவில்லை. மத்தியானம் மூன்று மணி வாக்கில் இன்னமும் வருகிறது. அவள் யாரிடமும் சொல்வதில்லை.

ஆய்வாளர் வைகாசியில் பட்டறைக்கு வந்தார். அவர் வருவதற்கு முந்தின நாள் ஜன்னல் பலகைகளைப் பிடுங்கிவிட்டார்கள்; பெயர் ஒட்டாத கேன்களும் காணாமல் போயின. ஆணி பிடுங்கிய ஓட்டைகள் சுவரில் புதிதாக இருந்தன. ஆய்வாளர் அதைப் படமெடுத்துக்கொண்டார். காற்றை வெளியே இழுக்கிற பெரிய விசிறி இரண்டு வைக்கச் சொல்லி, வைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

சின்னண்ணன் சாவுக்கு இழப்பீடு கேட்ட விசாரணை ஆடி மாதம் தொழிலாளர் அலுவலகத்தில் நடந்தது. முதலாளியின் ஆள், இப்படி ஒருவர் எங்கள் பட்டறையில் நிரந்தர ஆளாக இருந்ததில்லை, எப்போதாவது வந்து போவார் என்றார். தமிழரசு தன் முறை வந்தபோது எழுந்து, நாமக்கல்லிலும் இங்கேயுமாக இருபது வருஷம் அவர் பக்கத்தில் நின்றதைச் சொன்னான். ஆத்தூர் ரோட்டுப் பட்டறையில் அவர் வேலை பார்த்ததற்கு எழுத்தில் ஏதாவது உண்டா என்று அதிகாரி குஞ்சம்மாளைக் கேட்டார். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எழுத்து எனக்குத் தெரியாதுங்க. இந்த ஆபீசு வாசல்ல நின்னு ரோட்டப் பாருங்க. போற லாரியில பாதி அவரு கைதானுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, வெளியே அனுப்பிய ஒவ்வொரு வண்டிக்கும் பெயிண்ட் அடித்தவர் கையெழுத்திடும் சீட்டு இருக்குமே, அதைக் கொண்டுவாருங்கள் என்று முதலாளியின் ஆளிடம் சொன்னார். அடுத்த வாரம் சீட்டுகள் வந்தன. பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் வெளியே போன மூன்று வண்டியின் சீட்டிலும் சின்னண்ணன் என்று கோணலாகக் கையெழுத்து இருந்தது. தானாக நின்றதாகச் சொன்ன தேதிக்குப் பிந்திய தேதிகள்.

ஆவணியில் உத்தரவு வந்தது. தனப்பிரியாவும் தமிழரசும் குஞ்சம்மாளோடு போய் வாங்கிக்கொண்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்ததால் மூன்று பேரும் அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார்கள். தனப்பிரியா மடிப்பைப் பிரித்து, அலுவலகத் தமிழில் இருந்ததை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். மேற்படி பட்டறையின் தொழிலாளி என்றும், மேற்படி வேலையின் காரணமாக இறந்தார் என்றும் அதில் இருந்தது. முதலாளி மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்றும் இருந்தது. அதையும் விடாமல் படித்தாள்.

குஞ்சம்மாள் தாளை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தூறல் அதில் படாமல் முந்தானையை இழுத்து மறைத்தாள்.

"அவரு பேரு எந்த எடத்துல இருக்குது சாமி?"

தனப்பிரியா இடத்தைக் காட்டினாள். குஞ்சம்மாள் அதன்மேல் கட்டைவிரலை வைத்தாள். பஸ் வரும்வரை எடுக்கவில்லை.